ஒரு காலைத் தூக்கி நின்ற சபாபதி

உங்கள் அறையின் மின்விசிறி மிக மெதுவாகச் சுழல்கிறது, ஐயா. தயவுசெய்து அதைப் பழுது பார்த்துவிடாதீர்கள். வேகமாகச் சுழலும் விசிறியின் கீழ் கதை சொன்னால் கடைசி வரிசைக்குக் கேட்காது. நெல்லிக்குப்பத்தை அடுத்த ஒரு பள்ளியில் ஓய்வு பெறும்வரை தமிழாசிரியனாக இருந்தவன் நான். வகுப்பறைக்குள் நுழைந்ததும் முதலில் விசிறியைப் பார்ப்பேன். அடுத்ததாகக் கதவைப் பார்ப்பேன்.

பெயர் தமிழ்வேந்தன். ஊர் மேல்பட்டாம்பாக்கம். துணைக் கண்காணிப்பாளராகிய நீங்களே நேரில் விசாரிப்பது எனக்குப் பெருமை. நடந்ததை நடந்தவாறே சொல்கிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான்: நான் கதையின் நீதியைச் சொல்லி முடிக்கும் முன் எழுந்துவிடாதீர்கள். இந்த மாவட்டத்தில் நேர்ந்த குழப்பம் அனைத்திற்கும், ஓர் அதிகாரி நீதிக்கு முன்பே கிளம்பிப் போனதுதான் காரணம்.

சபாபதி கெட்டவர் அல்லர். சிதம்பரத்தில் ஒரு திருமண மண்டபத்துக்கு அடுத்த வீட்டில் குடியிருந்த மின்பணியாளர், ஐம்பதைக் கடந்தவர். முகூர்த்த நாள்களில் அவர் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்கள் தாமாகவே ஆடும். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் மண்டபத்துக் கூரையில் ஏறி, கூம்பு ஒலிபெருக்கியைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார். அன்று நன்றாக உறங்கினார். உறக்கம் கள்ளைப் போன்றது, ஐயா. ருசி கண்டவர் விடமாட்டார். அதன்பின் கடலூர் முதல் சிதம்பரம் வரை ஒலிபெருக்கிகள் மறையத் தொடங்கின. ஓர் அரசியல் கூட்டத்தில் தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கூம்பு காணாமற்போனது. கூட்டம் கைதட்டியது. தலைவர் அதைத் தம் பேச்சுக்கான கைதட்டல் என்று எண்ணி மேலும் பேசினாராம்.

பிடிபட்டவரைக் கடலூர் நீதிமன்றத்துக்கு அழைத்துச் சென்ற காவலர் இருவர், வெயில் தாளாமல் நெல்லிக்குப்பத்தில் கரும்புச் சாறு குடிக்க இறங்கினார்கள். எலுமிச்சையும் இஞ்சியும் சேர்க்கச் சொல்லி, பனிக்கட்டி வேண்டுமா வேண்டாமா என்று விவாதித்தார்கள். விவாதம் முடிந்தபோது சபாபதி இல்லை.

அவர் அடுத்த ஊரிலிருந்த என் வீட்டுக்குப் பின்வாசல் வழியாக வந்தார். நான் தனியாக இருந்தேன். என் மனைவி ராசம்மாள் பேத்தியின் காதுகுத்துக்காகத் திட்டக்குடிக்குப் போயிருக்கிறாள். அந்தப் பேத்திக்கு இப்போது கல்லூரியில் இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"சார், கொஞ்ச நேரம் ஒளிஞ்சிக்கிறேன் சார்," என்றார். சுற்றிலும் பார்த்தார். அவர் கண்கள் கலங்கின. "உங்க வூடு எவ்ளோ அமைதியா இருக்குது சார்."

எங்கள் வீடு பழைய ஓட்டு வீடு. கூடத்தின் மேல் உயரத்தில் பெரிய மரப் பரண் உண்டு. அவரே ஏணியில் ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவே. அவர் மேலே சென்று படுத்தபின், சாத்திய ஏணி ஐயத்துக்கு இடம் தரும் என்பதால் அதைத் தோட்டத்துக்கு எடுத்துச் சென்று கிடத்தினேன். பிறகு சாய்வு நாற்காலியைப் பரணுக்கு நேர்கீழே இழுத்துப் போட்டு, அவருடைய அச்சத்தைத் தணிப்பதற்காக, கரும்புக் காட்டில் ஒளிந்த நரியின் கதையைத் தொடங்கினேன்.

கேட்பவர் எழுந்து போகாத கதை எப்படி இருக்கும் என்பதை நீங்கள் அறியமாட்டீர்கள், ஐயா. மழைக்காலத்தில் கெடிலம் ஆறு பெருகுவதுபோல் பெருகும். எங்கள் தெருவில் எல்லோருக்கும் வேலை அதிகம். ஊர் வாட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் ஒரு கதை பதிந்து வந்தேன். ஏதோ தொழில்நுட்பக் கோளாற்றால் குழு கலைந்து, நான் மட்டும் இல்லாமல் மீண்டும் தோன்றிவிட்டது. ஓர் ஆயுள் காப்பீட்டு முகவர் என்னிடம் மிகுந்த பிரியம் உடையவர். சென்ற முறை வந்தவர் ஏதோ அவசரத்தில் கொல்லைச் சுவர் ஏறிக் குதித்துப் போனார். அவருடைய செருப்புகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மறுநாள் ஆய்வாளர் ஜோதிலட்சுமி வந்தார். ஒன்பதாம் வகுப்பில் என் மாணவி, முன் வரிசை. வீடு வீடாகச் சோதனை போட்டுக்கொண்டு வந்தவர், என் வீட்டு வாசலில் மட்டும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஐயா, நல்லாருக்கீங்களா? சபாபதின்னு ஒரு அக்யூஸ்டு தப்பிச்சிட்டான். இந்தப் பக்கம் யாராச்சும் வந்தாங்களா?"

"உட்கார், அம்மா. அதற்குப் பொருத்தமான ஒரு கதை இருக்கிறது."

"ஐயா, டைம் ஆவுதுங்கய்யா. இன்னும் நாலு தெரு பாக்கணும்."

"சபாபதி சிதம்பரத்தில் இருக்கிறார். ஒரு காலைத் தூக்கியவாறு நிற்கிறார்," என்று கதையைத் தொடங்கினேன். அடுத்த வாக்கியத்தில் எறும்பு வருகிறது. எறும்பு வருமுன் ஜீப் புறப்பட்டுவிட்டது.

மேல்பட்டாம்பாக்கத்தில் பிறந்த பெண்ணுக்கு அந்தச் சபாபதி யாரென்று தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் என் வீட்டு வாசலைத் தாண்டும் வேகத்தில் எவருக்கும் நிதானம் இருப்பதில்லை. மேலும் அவர், "தமிழ் ஐயா பொய்யே சொல்ல மாட்டாரு" என்று கம்பியில்லாக் கருவியில் உரத்துச் சொல்லிக்கொண்டே போனதை என் காதால் கேட்டேன். மகிழ்ந்தேன். என் வாழ்வில் யாரும் என்னிடமிருந்து கேட்ட ஒன்றை இத்தனை விரைவில் செயற்படுத்தியதில்லை.

தேடுதல் சிதம்பரத்துக்கு மாறியது. அங்கே சபாபதி என்று அழைத்தால் தெருவில் பாதிப் பேர் திரும்புவார்கள். தப்பி ஓடும்போது கால் உடைந்திருக்க வேண்டும், நொண்டுகிற சபாபதியைப் பிடியுங்கள் என்று உத்தரவு. அதன்பின் நான் தினமும் இளவரசின் தேநீர்க் கடைக்குப் போய்ச் செய்தி கேட்டு வந்து, பரணுக்கு ஒலிபரப்பினேன். கதைகளுக்கு இடையே சற்று நடப்புச் செய்தியும் வேண்டும் அல்லவா?

கடையில் நான் நுழைந்தால் வழக்கமாகக் கூட்டம் கலையும். அந்த நாள்களில் கலையவில்லை. அத்தனை சுவையான பேச்சு.

"இன்னா மாமா, இன்னிக்கு எத்தினி சபாபதி புடிச்சாங்களாம்?"

"நேத்தவிடக் கம்மி மச்சான். ஸ்டாக் தீந்துடிச்சி போல."

"நாய வுட்டாங்களே, அது இன்னா ஆச்சி?"

"அது கரெக்டா கரும்பு ஜூஸ் கடைக்குப் போயி ஒக்காந்துக்கிச்சி. போலீஸு போன வழிய மட்டும் பக்காவா கண்டுபுடிக்குது. திருடன் போன வழிதான் அதுக்குத் தெரியல."

இளவரசு வடையை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார்: "பாவம்யா, போலீஸையே ஏன் திட்டுறீங்க? ட்ரோன் வேற கரும்புத் தோட்டத்துல வுழுந்துடிச்சாம். இப்ப பாதிப் பேரு ட்ரோன தேடுறாங்க."

"அவன் புடிபடவே வேணாம்யா. எம் புள்ளைக்குப் பரீட்சை முடியட்டும். நம்ம தெரு ஸ்பீக்கர் கொழா காணாம போனதுலேருந்துதான் படிக்கிறா."

மக்களின் கருத்து இவ்வாறு பலவிதமாக இருந்தது. சிதம்பரத்தில் நியாயவிலைக் கடையில் "சபாபதி" என்று கூப்பிட்டால் ஒருவரும் முன்வராததால் சர்க்கரை தேங்கிப் போயிற்று. தம் பெயரில் சிற்றுண்டிக் கடை வைத்திருந்த ஒரு சபாபதி, பெயர்ப் பலகைமீது வேட்டியைப் போர்த்திவிட்டார். "நான் அந்தச் சபாபதி இல்லை" என்று அச்சிட்ட சட்டைகள் மேலவீதியில் வந்தன. அவற்றை அணிந்து நடந்தவர்களையும் காவலர்கள் நிறுத்தி, "அப்ப நீ எந்த சபாபதி?" என்று கேட்டார்கள்.

என் கதையின் ஒரே ஒரு வாக்கியம் ஓர் ஊரையே ஆட்டுவதைக் காணாமல் இருக்க முடியவில்லை. பேருந்து ஏறிச் சிதம்பரம் போனேன். பரணுக்கு முன்னதாகவே சோறும் நீரும் அனுப்பிவிட்டேன். நான் இரக்கமற்றவன் அல்லன்.

காவல் நிலைய முற்றத்தில் சபாபதிகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரையும் ஒரு காலைத் தூக்கச் சொல்லியிருந்தார்கள். எந்தக் காலில் நிற்க முடியவில்லை என்று பார்த்து, அடிபட்ட கால் எது எனக் கண்டறிவது திட்டம். மதிற்சுவர் முழுக்க மக்கள். யாரோ தொடையில் தாளம் போட்டார். "கையயும் தூக்குங்க சாமி, அப்பதான் எடுப்பா இருக்கும்," என்று இன்னொருவர் யோசனை சொன்னார்.

வரிசையின் ஓரத்தில் ஒரு பருத்த மனிதர் தள்ளாடினார். திருமணச் சமையற்காரர். சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போதே பிடித்து வந்துவிட்டார்களாம். அவர் மனைவி தில்லையம்மாள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வாயிற்காவலர் பாலகுமாரின் முன் நின்றாள்.

"எங்க வூட்டுக்காரருக்கு அண்டா தூக்கித் தூக்கி வீங்கிப்போன காலுய்யா அது. அவர ஏன் கொக்கு மாதிரி நிக்க வெச்சிருக்கீங்க?"

"கோச்சுக்காதக்கா. நம்பகமான எடத்துலேருந்து வந்த தகவல். சபாபதி சிதம்பரத்துல ஒரு கால தூக்கிக்கிட்டு நிக்கிறாருன்னு."

தில்லையம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தம்பி, நீ எந்த ஊரு?"

"சேலம்க்கா."

"அதான பாத்தேன். ஒரு கால தூக்கிக்கினு நிக்கிற சபாபதி வேணும்னா, தோ, கோபுரம் தெரியுது பாரு, நேரா உள்ள போ. பொன்னம்பலத்துல நிக்கிறாரு. எத்தினியோ காலமா அங்கயேதான் நிக்கிறாரு, எங்கயும் ஓடல. நீ வெலங்க எடுத்துக்கினு போ. பின்னாலயே நான் கற்பூரம் எடுத்துக்கினு வரேன்."

ஐயா, அப்படியொரு சிரிப்பை நான் கேட்டதில்லை. சபாபதிகள் அனைவரும் ஒரே சமயத்தில் காலைக் கீழே போட்டார்கள். மாலைக்குள் அந்தப் பேச்சு அலைபேசி அலைபேசியாகக் கடலூர் வரை பரவியது. மற்றவர்களை விட்டுவிட்டார்கள். ஆனால் சமையற்காரச் சபாபதியை மட்டும் விடவில்லை. ஏனெனில், அவர் தேடப்படும் சபாபதியின் தங்கை கணவர் என்பது அப்போதுதான் தெரிய வந்தது. ஏமாந்த கோபம் முழுவதும் அவர்மேல் இறங்கியது. மைத்துனன் இருக்கும் இடத்தைச் சொன்னால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அவருக்குத் தெரிந்தால் அல்லவா சொல்வார்? தில்லையம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வீடு திரும்பியதும் இதை நகைச்சுவையுடன் பரணுக்கு விவரித்தேன். தில்லையம்மாளின் குரலிலேயே பேசிக் காட்டினேன். பெண் குரல் எனக்கு நன்கு வரும். மேலிருந்து சிரிப்பு வரவில்லை.

"சார், அது எந் தங்கச்சி சார். உள்ள இருக்கிறது எம் மச்சான். ஏணிய வெய்ங்க சார், நான் போயி சரண்டர் ஆயிடுறேன்."

"நல்ல எண்ணம். இந்தக் கதை முடியட்டும்."

"எந்தக் கதை சார்? நீங்க இன்னும் ஒண்ணயுமே ஆரம்பிக்கலயே."

ஆகவே தொடங்கினேன்.

அவர் ஏணி கேட்டார் என்பதை நான் மறுக்கவில்லை. பல முறை கேட்டார். ஆனால் ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு கதையின் நடுவில் கேட்டார். நடுவில் எழுந்து போக எந்த மாணவனையும் நான் அனுமதித்ததில்லை. அவர் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டதைக் கண்டு, செவிக்குக் கேடு என்று வாளியில் போட்டு அனுப்பச் சொன்னேன். வாளி என்பது சாப்பாட்டு வாளி. கயிற்றில் கட்டி மேலே அனுப்புவேன். இங்கேதான் என் கற்பித்தல் முறையை விளக்க வேண்டும். கதையின் முடிவில், "இக்கதையால் நாம் அறியும் நீதி யாதெனில்…" என்று நான் நிறுத்துவேன். வகுப்பு முழுவதும் சேர்ந்து நீதியைச் சொல்லும். நிறுத்திய இடத்தைக் கேட்பவர் நிரப்பினால்தான் கதை அவருடையதாகும். சபாபதி தொடக்கத்தில் நிரப்பவில்லை. நீதியைச் சொன்னபிறகே வாளி மேலே போகும் என்று ஒரு சிறு ஒழுங்கு வகுத்தேன். அதன்பின் ஒரு நீதிகூடத் தவறவில்லை. தண்டனையால் வராத கல்வி, முறையால் வரும்.

ஒரு நாள் பிற்பகல் அவர் நன்றி மறந்தார். பள்ளியில் எனக்குப் பிரிவு உபசாரப் பரிசாகத் தந்த ஒலிவாங்கியும் ஒலிபெருக்கிப் பெட்டியும் அந்தப் பரணில்தான் இருந்தன. ராசம்மாள், எனக்கு எட்டக் கூடாதென்று அங்கே ஏற்றி வைத்திருந்தாள். சபாபதி அதைப் பிரித்துச் செப்பனிட்டு, பரண் விளக்கின் மின்னிணைப்பில் மாட்டி, ஓட்டருகே இருந்த சாளரத்தில் வைத்துக் கத்தினார். ஆம், ஒலிபெருக்கியை வெறுத்தே குற்றவாளியான அதே மனிதர்.

"நான்தான் சபாபதி! போலீஸ் தேடுற சபாபதி! என்னை வந்து புடிங்க! எம் மச்சான வுட்டுடுங்க!"

தெருவெங்கும் எதிரொலித்தது. நான் சற்றே கலங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுக் கனிமொழி மாடியிலிருந்து கீழே குரல் கொடுத்தாள்: "ஏங்க, ஐயா இன்னிக்குத் திருடன் கொரல்ல கதை சொல்றாரு. மைக்கு வேற வாங்கிட்டாரு. ஜன்னல சாத்துங்க, சீக்கிரம்."

ஒன்றன்பின் ஒன்றாகத் தெருவின் சன்னல்கள் அனைத்தும் மூடிக்கொண்டன. தொலைக்காட்சிகளின் ஒலி உயர்ந்தது. சபாபதி நெடுநேரம் கத்திவிட்டு ஓய்ந்தார். அன்று அவருக்கு ஆறுதலாக இரண்டு கதைகள் சொன்னேன்.

பிறகுதான் ஜோதிலட்சுமி மீண்டும் வந்தார். தனியாக வந்தார். முகம் வாடியிருந்தது. ஊர் சிரித்த சிரிப்பில், அவரை இடம் மாற்றுவதா பணியிடை நீக்கம் செய்வதா என்று மேலே பேசிக்கொண்டிருந்ததை நீங்களே அறிவீர்கள். இம்முறை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கூடத்தில் உட்கார்ந்தார்.

"ஐயா, அன்னைக்கு நீங்க சொன்னத பாதியில வுட்டுட்டுப் போனேன். அதான் இந்தக் கதிக்கு ஆளானேன். இன்னைக்கு முழுசாச் சொல்லுங்க. முடியிற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன்."

முடியும் வரைக்கும் எழமாட்டேன் என்று என்னிடம் தாமாகச் சொன்ன முதல் மனிதர் அவர். மறுக்க மனம் வருமா?

கதை இதுதான். ஓர் எறும்பு சபாபதியின் ஆட்டத்தைக் காணச் சிதம்பரம் போயிற்று. தரையோடு தரையாக ஊர்ந்து சந்நிதியை அடைந்தது. அங்கே ஊன்றிய பாதம் ஒன்றைக் கண்டது. மற்றொரு பாதத்தைக் காணவில்லை. தப்பி ஓடிவிட்டது என்று முடிவு கட்டி, தேடப் புறப்பட்டது. கிள்ளைக் கடற்கரையில் நண்டைக் கேட்டது. நண்டு பக்கவாட்டில் கை காட்டியது. பிச்சாவரத்தில் நாரையைக் கேட்டது. நாரையே ஒரு காலில் நின்றதால் அதைச் சந்தேகித்து ஒரு பருவம் முழுவதும் காவல் காத்தது. எல்லாத் திசையும் அலைந்து, களைத்துத் திரும்பி, புறப்பட்ட இடத்திலேயே மல்லாந்து விழுந்தது. அப்போது கண்டது, தலைக்கு நேர்மேலே தூக்கிய திருவடியை.

இதை விரிவாகச் சொன்னேன். நாரையின் பகுதிக்கு மட்டும் இரு முறை காபி போட வேண்டியிருந்தது. ஜோதிலட்சுமி அசையவில்லை. இறுதியில் வழக்கம்போல் கையை உயர்த்தி, "இக்கதையால் நாம் அறியும் நீதி யாதெனில்…" என்று நிறுத்தினேன்.

அவர் வாயைத் திறக்குமுன், மேலிருந்து களைத்த குரல் ஒன்று பாடம் ஒப்பித்தது.

"தேடுபவன் நிமிர்ந்து பார்க்க வேண்டும்."

ஜோதிலட்சுமி நிமிர்ந்து பார்த்தார்.

பரண் விளிம்பில் தாடி வளர்ந்த முகம் ஒன்று கண்ணை மூடியபடியே தொங்கியது. கீழே கேட்ட பெண் குரலும் நான் பேசியதே என்று சபாபதி எண்ணியிருந்தார். "நீதி சொல்லிட்டேன் சார்," என்றார். "வாளிய அனுப்புங்க."

கீழே இறக்கியபோது அவர் ஆய்வாளரின் காலில் விழுந்து அழுதார். "அம்மா, என்ன உள்ள வெய்ங்க. எத்தினி வருசம் வேணும்னாலும் வெய்ங்க. பேசாத ஆளா பாத்து பக்கத்துல போடுங்க," என்றார். சமையற்காரர் அன்றே வீடு திரும்பினார். நேற்றுவரை சிரித்த மக்கள் ஜோதிலட்சுமிக்குப் பட்டாசு வெடித்தார்கள். தில்லையம்மாள் தன் கணவரைக் கொண்டே காவல் நிலையத்துக்குப் பால்பாயசம் செய்து அனுப்பினாளாம். சபாபதி காவலுக்குள் வந்தது முதல் உறங்கிக்கொண்டே இருக்கிறார் என்று பாலகுமார் சொன்னார்.

ஆகவே, ஐயா, ஒப்புக்கொள்கிறேன். தேடப்பட்டவர் என் பரணில் இருப்பதை அறிந்திருந்தேன். எந்த வாக்கியத்தோடு ஆய்வாளர் கிளம்பி ஓடுவார் என்பதையும் அறிந்தே அந்த வாக்கியத்தை முதலில் வைத்தேன். ஏணியை எடுத்தவன் நான். பஞ்சைப் பிடுங்கியவன் நான். ஒரு குற்றமற்ற சமையற்காரர் அடைபட்டிருப்பதை அறிந்தும் நரிக் கதையை மீண்டும் முதலிலிருந்து சொன்னவன் நான். ஆயினும் எதையும் மறைக்கவில்லை. அவர் இருந்த இடத்தை என் கதையின் நீதி முதல் நாளே சொல்லியிருக்கும். குற்றவாளிக்கு அடைக்கலம் தந்தேன் என்று எழுதுங்கள், கையெழுத்திடுகிறேன். ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக அடைத்து வைத்தேன் என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். என்னிடம் வந்த எவரும் அவ்வாறு உணர்ந்ததில்லை. ராசம்மாளிடமே கேட்டுப் பாருங்கள். திட்டக்குடியிலிருந்து வந்ததும் சொல்வாள்.

நீங்கள் நல்ல மாணவர், ஐயா. இடையில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆனால் இதுவரை சொன்னது பாயிரம்தான். கரும்புக் காட்டு நரியை நீங்கள் இன்னும் சந்திக்கவில்லை. உட்காருங்கள். கதவை ஏன் பார்க்கிறீர்கள்? நம்மை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். உள்ளே வரும்போதே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டேன்.